வெண்டெல் பெண் கேட்ட பாட்டு

சக்கரத்துக்கு ஆரக்கால் செதுக்கும்போது வாயையும் மூடிக்கொண்டு செதுக்கியிருந்தால் கொச்சோர் வெண்டெலுக்கு ஒரு வம்பும் வந்திருக்காது.

சில்வாத் ஊருக்கே அவன் ஒருவன்தான் வண்டித் தச்சன். நாற்பதைத் தாண்டியும் ஒண்டிக்கட்டை. அகலமான தோள், அடர்ந்த மீசை. கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போய்விடும். ஆனால் ஒரே ஒரு பாட்டு மட்டும் அவன் காதில் விழக்கூடாது. அதன் முதல் வரி கேட்டாலே தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிடுவான். கையில் இருக்கும் கோப்பையில் பாதி பாலிங்கா மிச்சமிருந்தாலும் அப்படியே வைத்துவிட்டுப் போவான். பிளம் சாராயத்தை மிச்சம் வைக்கிற ஆள் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்பதால் ஊருக்கு அது பெரிய வேடிக்கை.

அன்று காலை அவன் பட்டறை வாசலில் ஒரு வாடகை வண்டி சாய்ந்து நின்றது. பின் சக்கரம் உடைந்திருந்தது. வண்டியில் வந்தவர் புடாபெஸ்டிலிருந்து வந்திருந்த பேராசிரியர் தார்னொய் எலெமேர். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி, முழங்கால் வரை சேறு. கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாட்டுகளைப் பிடித்து வைக்கிறவர். பிடித்து வைப்பதற்கு ஒரு பெட்டியும் வைத்திருந்தார். அதன் தகரக் கொம்புக்குள் பாடினால் உள்ளே சுற்றுகிற மெழுகு உருளையில் பாட்டு பதிந்துவிடும்.

முந்தின நாள் முழுக்க அவர் காஷ்பாரின் மதுக்கடையில் உட்கார்ந்து ஊரார் பாடியதைக் கேட்டிருந்தார். தலைநகரத்து ஆள் முன்னால் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று ஊரும் நாடகக் கொட்டகைப் பாட்டாகப் பார்த்துப் பாடித் தள்ளியது. தபால்காரர் ஒருபடி மேலே போய் வானொலியில் கேட்ட ஒரு டாங்கோ பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடினார். பேராசிரியர் எல்லோருக்கும் நன்றி சொல்லி, ஒரு உருளையைக்கூடத் தொடாமல், விடிந்ததும் மூட்டை கட்டிவிட்டார். சக்கரம் மட்டும் ஒத்துழைக்கவில்லை.

"நீங்க எதைத்தான் தேடுறீங்க ஐயா?" என்று கேட்டான் வெண்டெல், உடைந்த ஆரக்காலைப் பிடுங்கியபடி.

"பழசு. உங்க முப்பாட்டனுக்கும் முப்பாட்டன் பாடினது. அஞ்சே அஞ்சு சுரத்துல ஓடும். உச்சியில ஆரம்பிச்சுப் படிப்படியா கீழ இறங்கும். முதல் பாதியில பாடினதையே ரெண்டாம் பாதியில அப்படியே கீழ இறக்கிப் பாடுவாங்க."

"ஒரே பானையை மேல் தட்டுல ஒருதரம், கீழ் தட்டுல ஒருதரம் வைக்கிற மாதிரியா?"

"அதேதான்! அதேதான்!"

"அதெல்லாம் எங்க ஊர்ல கிடையாதுங்க. நாங்க கொஞ்சம் நாகரிகமான ஊரு" என்று சொல்லிவிட்டு வெண்டெல் உளியை எடுத்தான்.

வேலையில் கை ஓட ஆரம்பித்ததும் அவன் வாய் தன் பாட்டுக்கு முனக ஆரம்பித்தது. எத்தனையோ வருஷமாக எந்தப் பாட்டைக் கண்டு ஓடினானோ, அதே பாட்டின் மெட்டு. ஓடி ஓடியே அது அவன் மண்டைக்குள் நன்றாகக் குடியேறியிருந்தது. உச்சியில் தொடங்கிச் சறுக்கி இறங்கி, கொஞ்சம் நின்று, அதே சறுக்கலை இன்னும் கீழே இருந்து ஒருமுறை இறங்கி முடித்தது.

பேராசிரியர் உட்கார்ந்திருந்த மரக்கட்டையிலிருந்து எழுந்த வேகத்தில் கண்ணாடி மரத்தூளில் விழுந்தது.

"என்னப்பா அது? என்ன அது?"

"எது?"

"இப்ப முனகினியே!"

வெண்டெலுக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது. காது மடல் வரை சிவந்துபோனான். "அது ஒண்ணுமில்லீங்க. தொண்டையில மரத்தூள்."

"மரத்தூள் அஞ்சு சுரத்துல இருமாதுப்பா! அதுக்கு வார்த்தை இருக்கா?"

"இல்லவே இல்லீங்க. ஊமை மெட்டு."

பேராசிரியரை வழியனுப்ப ஒரு புட்டியோடு வந்திருந்த காஷ்பார் வாசலில் நின்றபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். மதுக்கடைக்காரன் வாயில் எதுவும் தங்காது. "வார்த்தையா? அருமையான வார்த்தை இருக்கே! ஏன் மாப்ளே மறைக்கிறே? ஐயா, அந்தப் பாட்டோட கதாநாயகனே இவன்தான். பாடினவ பெரோக் வீட்டு வெரோன். அவளைக் கேளுங்க."

பேராசிரியர் வண்டிக்காரனை அழைத்துப் பெட்டிகளை இறக்கச் சொன்னார்.

நடந்தது இதுதான். கணவனைப் போரில் பறிகொடுத்த வெரோன், வாத்தும் பன்றியும் வளர்த்துத் தனியாகக் குடும்பம் நடத்துகிறவள். அவளை வெண்டெலுக்கு ரொம்ப நாளாகப் பிடிக்கும். சொல்லத்தான் நா எழவில்லை. ஒரு வருஷம் கோயில் திருவிழா அன்று, பாலிங்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பெண் கேட்கக் கிளம்பினான். அந்தி மசங்குகிற நேரம், அதோடு நல்ல மூடுபனி. வெரோனின் முற்றத்தில் இரண்டு கதவுகள். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்று குட்டைக் கதவு. மரியாதைக்காகக் குனிந்தே வந்த வெண்டெலுக்குக் குட்டைக் கதவுதான் கண்ணில் பட்டது. உள்ளே கதகதப்பாக இருந்தது. யாரோ மூச்சு விட்டார்கள். அவன் தொப்பியைக் கழற்றி, மனப்பாடம் செய்து வைத்திருந்ததை முழுவதும் சொன்னான். தன் பட்டறை, தன் வீடு, தன் நல்ல குணம், குடி கொஞ்சம்தான் என்பது, எல்லாம். ஒவ்வொன்றுக்கும் எதிரிலிருந்து "ம்ம்" என்று ஒரு உறுமல் வந்தது. சம்மதம்தான் என்று நினைத்து, மனம் நிறைந்து, அங்கேயே வைக்கோலில் சாய்ந்து தூங்கிப்போனான். காலையில் கழுநீர் வாளியோடு வந்த வெரோன், தன் பெரிய பெண்பன்றியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கும் வெண்டெலைக் கண்டாள். மத்தியானத்துக்குள் ஊரின் பழைய மெட்டொன்றில் பாட்டுக் கட்டிவிட்டாள். சாயங்காலம் கிணற்றடியில் ஊரே பாடியது. அன்றிலிருந்து ஊராருக்கு அவன் மாப்பிள்ளைதான். கல்யாணம்தான் நடக்கவில்லை.

இப்போது அந்தப் பாட்டை மெழுகில் ஏற்றித் தலைநகரத்துக்குக் கொண்டுபோவது என்றால் வெண்டெல் சும்மா இருப்பானா? சக்கரத்தை மாட்டிக் கொடுக்கும் சாக்கில் பேராசிரியரிடம் மெல்ல விசாரித்தான்.

"ஏங்க ஐயா, அந்தப் பாட்டுல அஞ்சுக்கு மேல இன்னொரு சுரம் வந்துட்டா?"

"வந்தா பழசு இல்ல. பின்னால எவனோ ஒட்ட வெச்சதுன்னு தள்ளி வெச்சுடுவேன்."

அது போதும் வெண்டெலுக்கு. கையைக்கூடக் கழுவாமல் நேராக வெரோன் வீட்டுக்கு நடந்தான். திருவிழாவுக்குப் பிறகு அந்தப் படலைத் தாண்டுவது இதுதான் முதல் தடவை. உள்ளே நான்கைந்து பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாத்து இறகு பிய்த்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்த காற்றில் இறகெல்லாம் கூரைவரை பறந்தது.

"கதவைச் சாத்துய்யா!" என்று கத்தினாள் வெரோன். பிறகு யார் என்று பார்த்தாள். "அட! இந்தத் தடவை சரியான கதவா?"

பெண்கள் இறகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

"வெரோன், உங்கிட்ட தனியா ஒரு வார்த்தை பேசணும்."

"தனியா பேசறதுக்கு எங்க வீட்ல வேற ஒருத்தி இருந்தா. அவ போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சு. நீ இங்கயே சொல்லு."

வெண்டெல் தொப்பியைக் கசக்கிக்கொண்டே சொன்னான். பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. நடுவில் ஒரே ஒரு சுரத்தை மட்டும் சேர்த்துப் பாடினால் போதும், தாயே, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்றான்.

வெரோன் நல்ல மனசுக்காரிதான். முயன்று பார்த்தாள். இரண்டாம் வரியில் ஒரு சுரத்தைச் செருகினாள். மெட்டு கல்லில் ஏறின வண்டி மாதிரி தூக்கிப் போட்டது. இன்னொரு தடவை முயன்றாள். வாய் தானாகவே பழைய தடத்துக்கு வந்துவிட்டது. மற்றப் பெண்களும் ஆளுக்கொரு பக்கம் முயல, வீடு முழுக்க ஒரே கூச்சல்.

"இது நகரத்துக் காபிக் கடையில வாசிப்பாங்களே, அது மாதிரி போகுதுடி!"

"எனக்குக் கொட்டாவி மாதிரி வருது."

"யோவ் வெண்டெல், நீயே பாடிக் காட்டேன். பாப்போம்."

அவன் பாடிக் காட்டினான். தன்னை ஊர் சிரிக்க வைத்த பாட்டைத் தானே, அந்த வீட்டுக்குள் நின்று, தப்பாகப் பாட முயன்றான். அவனாலும் முடியவில்லை. ஐந்து சுரத்துக்கு மேல் ஒன்றுகூட உள்ளே வர மறுத்தது. கடைசியில் வெரோன் சிரித்த சிரிப்பில் அவள் மடியிலிருந்த இறகெல்லாம் அவன் மீசையில் ஒட்டிக்கொண்டது. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

"சரி விடு. அப்ப பாடவே பாடாதே" என்றான்.

"அது எப்படி? பாட்டு என்னோடது. பன்னியும் என்னோடது. நீ ஒருத்தன்தான் எனக்குச் சொந்தமில்லை" என்றாள் வெரோன். சொல்லிவிட்டு என்னவோ சட்டென்று குனிந்து இறகு பிய்க்க ஆரம்பித்தாள். வெண்டெலுக்கு அதில் எதுவும் புரியவில்லை. படலைத் திறந்துபோட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பதிவு. வகுப்பறை மேசையில் கொம்பு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமைப் பாவாடை கட்டி, தலையில் கறுப்புத் துணி கட்டி, மாதா கோயிலுக்குப் போகிற முகத்தோடு வெரோன் வந்தாள். ஊர் ஜன்னலில் தொங்கியது. பேராசிரியர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். உருளை சுற்ற ஆரம்பித்தது.

*கொச்சோர் வீட்டு வெண்டெல் வந்தான் பொண்ணு கேக்க,*
*குட்டைக் கதவைக் குனிஞ்சு திறந்தான் எட்டிப் பாக்க...*

அந்த நேரம் பார்த்து வெரோனின் வாத்துக் கூட்டம் முழுவதும் பள்ளிக்கூடத்து முற்றத்துக்குள் நுழைந்தது. வாத்துகள் தாமாக வரவில்லை. பின்னாலிருந்து ஒரு மரக்கிளையை வீசிக்கொண்டு வெண்டெல் ஓட்டி வந்தான். "க்வாக்! க்வாக்!" என்று அவை போட்ட இரைச்சலில் வெரோனின் குரல் மூழ்கிப்போனது. பாட்டை நிறுத்தாமலே அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, பாடுகிற அதே மெட்டில், அவன் தாய் தகப்பன் முதல் பட்டறை உளி வரை ஒவ்வொன்றையும் வாழ்த்திவிட்டாள்.

உருளை முடிந்தது. பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, பதிந்ததைத் திருப்பிப் போட்டார். கொம்புக்குள்ளிருந்து வாத்து கத்தியது. வெரோன் திட்டினாள். இயந்திரம் என்றால் என்ன என்று அன்றுதான் சில்வாத்துக்கு விளங்கியது. ஊர் கைதட்டி, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அதை நாலைந்து முறை போடவைத்தது. வாத்துகளும் முற்றத்திலிருந்து பதில் கொடுத்தன.

"இப்ப நல்லதா ஒண்ணு எடுக்கணும்" என்றார் பேராசிரியர்.

"எடுக்கலாம் ஐயா. ஆனா அந்த ஆளு எங்கண்ணு முன்னால உக்காரணும். இல்லேன்னா நான் வாயைத் திறக்கமாட்டேன்" என்றாள் வெரோன்.

காஷ்பாரும் தபால்காரரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து வெண்டெலைச் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முழங்கால் முகவாயைத் தொட்டது. எழுந்து ஓட வழியில்லை. வெரோன் பாடினாள்.

*கொச்சோர் வீட்டு வெண்டெல் வந்தான் பொண்ணு கேக்க,*
*குட்டைக் கதவைக் குனிஞ்சு திறந்தான் எட்டிப் பாக்க.*
*சரி சரின்னு சொன்னா ஒருத்தி உறுமி உறுமி,*
*சாஞ்சு படுத்தான் மாப்பிள்ளையும் உருகி உருகி.*

ஜன்னலில் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார்கள். வெண்டெல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் கண் விழித்தது, வாளி கீழே விழுந்தது, பன்றி வாலை ஆட்டியது என்று ஒவ்வொரு அடியாகப் போயிற்று. எல்லாம் முடிந்தது என்று அவன் மூச்சு விட்டான். ஆனால் பாட்டு முடியவில்லை.

*உறுமினவளைக் கேட்டுப்புட்டான் உள்ளதெல்லாம்,*
*பக்கத்துக் கதவைத் தட்டலையே, பாவிமகன்.*
*சூப்பு ஆறிப் போச்சுதம்மா அடுப்பு மேல,*
*கேக்க வந்த ஆளு இன்னும் கேக்கவேயில்ல.*

வெண்டெல் தலையை நிமிர்த்தினான். இப்படி ஒரு அடி இருப்பதே அவனுக்குத் தெரியாது. முதல் வரியிலேயே ஓடிவிடுகிறவனுக்குக் கடைசி அடி எப்படித் தெரியும்? மதுக்கடையில் ஆண்கள் பன்றியோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்த அடியைப் பெண்கள் மட்டும்தான் பாடுவார்கள், அதுவும் கிணற்றடியில். வெரோன் கொம்பைப் பார்த்துத்தான் பாடினாள். அவன் பக்கம் ஒரு தரமும் திரும்பவில்லை. உருளை நின்றது.

எதையாவது சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வெண்டெல் எழுந்தான். பெஞ்சும் அவனோடு சேர்ந்து எழுந்தது. அதை உதறிவிட்டு நின்றான்.

பேராசிரியர் வேறு உலகத்தில் இருந்தார். "என்ன அழகு! மேல பாடினதை அப்படியே கீழ இறக்கிட்டீங்களே! வெண்டெல், இங்க வா, உனக்கு ஒண்ணு காட்டறேன்" என்று பெட்டியிலிருந்து வேறொரு உருளையை எடுத்து மாட்டினார். "இது ரொம்பத் தூரத்துல, ருஷ்யாவுல, வோல்கா ஆத்தங்கரையில இருக்கிற ஒரு சனம் பாடினது. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு அவங்களும் நம்ம ஆளுங்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து. கேளு."

கொம்புக்குள்ளிருந்து ஒரு கிழவரின் குரல் வந்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. மெட்டு மட்டும் கிட்டத்தட்ட அதேதான். உச்சியில் தொடங்கிச் சறுக்கி இறங்கி, மறுபடி கீழேயிருந்து அதே சறுக்கல்.

வெண்டெலின் முகம் வெளுத்துவிட்டது. "அங்கேயும் தெரிஞ்சுபோச்சா?" என்றான்.

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"யாரு சொல்லியிருப்பா? காஷ்பார், உன் மச்சான் போர்ல ருஷ்யாவுல கைதியா இருந்தானே, அவனா சொன்னான்?"

பேராசிரியருக்கு அவன் சொன்னது விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இல்லப்பா, இல்ல. அவர் குதிரையைப் பத்திப் பாடறார். மெட்டு மட்டும்தான் சொந்தம்." வெண்டெல் முழுசாக நம்பவில்லை. குதிரை என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டான்.

குளிர்காலம் தொடங்கியபோது புடாபெஸ்டிலிருந்து அழைப்பு வந்தது. நாட்டுப்பாட்டு மாலை ஒன்றில் வெரோன் நேரில் பாட வேண்டும் என்று பேராசிரியர் கேட்டிருந்தார். தனியாக ரயில் ஏறமாட்டேன் என்று வெரோன் சொல்லிவிட்டாள். "பாட்டு போகுற இடத்துக்குப் பாட்டுல இருக்கிறவனும் வரட்டும். சாட்சி வேணாமா?" என்றாள். வெண்டெல் வரமாட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். ரயில் புறப்படும் நாளன்று எல்லோருக்கும் முன்னால் நிலையத்தில் நின்றான், மீசைக்கு மெழுகு பூசிக்கொண்டு.

மண்டபம் பெரியது. கண்ணாடி விளக்குகள், வெல்வெட் நாற்காலிகள், முத்து மாலை போட்ட சீமாட்டிகள். மேடையோரத்தில் திரைக்குப் பின்னால் வெண்டெலுக்கு ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். இத்தனை பெரிய மனிதர்களும் சேர்ந்து சிரித்தால் கூரை தாங்குமா என்று பயந்தான்.

விழா நடத்திய சங்கத்தின் தலைவர் எழுந்து ஒரு முன்னுரை வழங்கினார். பாட்டின் வார்த்தைகளை அவர் பார்க்கவில்லை. மெட்டைப் பற்றிப் பேராசிரியர் சொன்னதைக் கேட்டு, மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொண்டிருந்தார். பரந்த புல்வெளி, ஓயாத குதிரைப் பயணம், காற்றில் கரைந்த முன்னோரின் துயரம் என்று நீளமாகப் போயிற்று. பேராசிரியர் தன் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார்.

வெரோன் பாடினாள். நல்ல குரல் அவளுக்கு. பெண்பன்றி உறுமிய இடத்தில் முதல் வரிசைச் சீமாட்டி ஒருத்தி கைக்குட்டையை எடுத்தாள். வாளி விழுந்த இடத்தில் ஒரு வயதான ராணுவ அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். துயரத்தைக் கேட்க வந்தவர்கள், குரலில் அதைக் கேட்டுவிட்டார்கள். வார்த்தைக்கு யாரும் காதைக் கொடுக்கவில்லை.

திரைக்குப் பின்னால் வெண்டெல் காத்திருந்தான். இப்போது சிரிப்பார்கள். இல்லை. சரி, வால் ஆட்டுகிற இடத்தில் சிரிப்பார்கள். அங்கேயும் இல்லை. அவனுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு என்னவோ போல் இருந்தது. பிறகு கோபம் வந்தது. இத்தனை வருஷம் ஊரில் தலை காட்ட முடியாமல் அவன் பட்ட பாடு என்ன, இவர்கள் செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருப்பதென்ன? நல்ல பாட்டு அது. வெரோன் மூளையைக் கசக்கிக் கட்டியது. சில்வாத்தில் சிரித்துச் சிரித்து ஒருவன் பெஞ்சிலிருந்து விழுந்திருக்கிறான்.

கடைசி அடி ஆரம்பிக்குமுன் அவன் மேடைக்கு நடுவில் வந்து நின்றான்.

"ஐயாமாரே, அம்மாமாரே, மன்னிக்கணும். நீங்க சரியா கேக்கலை. அது பன்னிங்க!"

மண்டபம் விழித்தது.

"அவ பாடுறது பன்னியைப் பத்தி. நான் பொண்ணு கேட்டது பன்னியை. கொச்சோர் வெண்டெல்னு பாட்டுல வருதே, அது நான்தான்." மார்பைத் தட்டிக் காட்டினான். "இத்தனை பெருசு இருக்கும் அது. மூடுபனிங்க. குட்டைக் கதவு. நான் இப்படிக் குனிஞ்சேன். 'எங்கிட்ட பட்டறை இருக்கு, வீடு இருக்கு'ன்னேன். அது 'ம்ம்'னுச்சு. 'குடி கொஞ்சம்தான்'னேன். அது கொஞ்சம் யோசிச்சுட்டு 'ம்ம்'னுச்சு."

அவன் உறுமிய உறுமல் அச்சு அசல் பன்றி. முதலில் சிரித்தவர் பேராசிரியர்தான். அடக்கி அடக்கி வைத்திருந்தது வெடித்துக்கொண்டு வந்தது. அடுத்து அந்த ராணுவ அதிகாரி. பிறகு கைக்குட்டைச் சீமாட்டி, அதே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு. அப்புறம் மண்டபமே அதிர்ந்தது. வெரோன் மறுபடி முதலிலிருந்து பாட வேண்டியதாயிற்று. வெண்டெல் பக்கத்தில் நின்று, அந்தந்த இடத்தில் உறுமல் கொடுத்தான். சங்கத் தலைவர்கூட, கொஞ்சம் தாமதமாக, புல்வெளியை மறந்துவிட்டுச் சிரித்தார்.

கடைசி அடி வந்தபோது அவன் உறுமவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் மூன்றாம் வகுப்பு, மரப் பலகை. எதிர் எதிராக உட்கார்ந்திருந்தார்கள். வெரோன் ரொட்டியில் வாத்துக் கொழுப்பைத் தடவி, வெங்காயம் வைத்து, அவனுக்கு ஒரு துண்டு நீட்டினாள். வெண்டெல் வாங்கி ஒரு கடி கடித்தான். ஊர் வந்துவிட்டால் மறுபடி நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவனுக்குத் தெரியும். வாய் நிறைய ரொட்டியோடு கேட்டுவிட்டான்.

"என்ன?" என்றாள் வெரோன். சக்கரங்கள் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

அவன் ரொட்டியை விழுங்கிவிட்டு மறுபடி கேட்டான்.

"காது கேக்கலைய்யா! சத்தமா சொல்லு!"

"என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டேன்!" என்று வெண்டெல் கத்தினான்.

அந்த நொடியில் ரயில் ஒரு நிலையத்தில் நின்றிருந்தது. சத்தமெல்லாம் அடங்கியிருந்தது. பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு தடித்த அம்மாள், "சொல்லேன்டி, பாவம், ரொட்டித்துணுக்கு மீசையில ஒட்டியிருக்கு, அந்தக் கோலத்துல கேக்கறான்" என்றாள்.

"கேக்கறதுக்கு இத்தனை வருஷமா?" என்றாள் வெரோன். "அந்தப் பன்னிகிட்ட மட்டும் அப்படிப் பேசினியாமே, பட்டறை, வீடு, நல்ல குணம்னு. எனக்கு அதெல்லாம் சொல்லமாட்டியா?"

"எல்லாம் உனக்குத்தான் தெரியுமே."

"தெரிஞ்சா என்ன? எனக்கும் கேக்கணும்."

வேறு வழியில்லை. வெண்டெல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னான். பட்டறையைச் சொன்னான், வீட்டைச் சொன்னான். குடி கொஞ்சம்தான் என்ற இடத்தில் பெட்டியிலிருந்த ஒருவன் உறுமினான். கோழிக்கூடை அம்மாள் அவனை முழங்கையால் இடித்து அடக்கினாள். வெரோன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். முடிந்ததும், "சரி" என்றாள். பிறகு அவன் மீசையிலிருந்த ரொட்டித்துணுக்கைத் தட்டிவிட்டாள்.

அவர்கள் இறங்கிய நிலையத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. அழைத்துப் போக வருகிறேன் என்று சொன்ன காஷ்பார் வரவில்லை. இரண்டு பேரும் ஒரே சாக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தார்கள். பாதி வழியிலேயே சண்டை ஆரம்பமானது. கல்யாணத்துக்குப் பிறகு யார் வீட்டில் இருப்பது? பட்டறையை விட்டு வரமாட்டேன் என்றான் வெண்டெல். வாத்துகளை எங்கே விடுவது என்றாள் வெரோன். பட்டறையில் வாத்தை விட்டால் மரத்தூளெல்லாம் எச்சமாகும் என்றான். மரத்தூளைத் தின்று வளர்ந்த மனுஷனுக்கு எச்சம் என்ன கேடு என்றாள். சில்வாத் கோயிலின் கோபுரம் மழைக்குள் தெரிந்தபோதும் அந்த வழக்கு முடியவில்லை. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்குவதற்கு முன் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. அன்றும் அது முடியவில்லை.